பெட்டியைத் தூக்கிவிட ஒரு கை

செல்லக்கனிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தக் கோபம் எதற்கு வந்தது என்று கேட்க மட்டும் அங்கே ஒருத்தருக்கும் துப்பில்லை.

ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்து ஒரு வருசம் ஆகியிருந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தில் செல்லக்கனியும் அவள் தெருக் குமரிகளும் சுமைவேலை பார்த்தார்கள். சேர்ந்தே போவார்கள், சேர்ந்தே கஞ்சி குடிப்பார்கள். ஒருத்தி சிரித்தால் எதற்கென்று தெரியாமலே மற்றவர்களும் சிரிப்பார்கள். ஆறுமுகத்தாய் வைத்ததுதான் அந்தக் கூட்டத்துக்குச் சட்டம். செல்லக்கனியோடு மண்ணளைந்து வளர்ந்தவள் அவள்.

பாத்தியில் நிற்கும் ஆண்கள் ஈர உப்பைப் பனையோலைப் பெட்டியில் அள்ளிப் போடுவார்கள். பெண்கள் அதைத் தலையில் சுமந்துபோய் மேட்டில் குவித்திருக்கும் உப்பு அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வாய் முட்ட நிறைந்த பெட்டியை எந்தக் கொம்பியாலும் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. வெறும் பெட்டியோடு திரும்பி வருகிறவள் எதிரே நின்று ஒரு கை கொடுப்பாள். அதைக் கேட்டு வாங்குகிற வழக்கமே கிடையாது. தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பது போலத்தான் அதுவும்.

அந்த வருசம் பேச்சி என்று ஒருத்தி வேலைக்கு வந்தாள். இவர்களைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருசன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன். சண்டை வந்த பிறகு ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தகவல் இல்லை. அவளோ தாலியைக் கழற்றவில்லை. நெற்றியில் குங்குமமும் இருந்தது.

அவள் வந்த வாரமே, சித்திரை வெயிலில், எங்கிருந்தோ ஒரு மழை கொட்டித் தொலைத்தது. அம்பாரம் பாதி கரைந்து ஓடியது. பாத்திகளில் மறுபடி உப்பு விளைகிறவரை எல்லோரும் வீட்டில் கிடந்தார்கள். அந்தச் சும்மா கிடந்த நாட்களில்தான் ஆறுமுகத்தாய் காரணத்தைக் கண்டுபிடித்தாள். புருசனைப் பறிகொடுத்தவள் தாலியோடு திரிந்தால் உப்பு எப்படித் தங்கும் என்றாள். எவளும் இனி அவள் பெட்டியில் கைவைக்கக் கூடாது என்று தீர்ப்பும் சொன்னாள். எல்லாத் தலையும் ஆடின. செல்லக்கனி தலை மட்டும் ஆடவில்லை. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வேலை தொடங்கிய அன்று பேச்சி நிறைந்த பெட்டிக்கு முன்னால் நின்றாள். வருகிறவள், போகிறவள் முகத்தையெல்லாம் பார்த்தாள். ஒருத்தியும் நிற்கவில்லை. கடைசியில் தானே தூக்கி முழங்காலில் வைத்தாள், நெஞ்சுவரை கொண்டுவந்தாள். பெட்டி சரிந்து உப்பு முழுக்கச் சேற்றில் கொட்டியது. குமரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கங்காணி தாணுலிங்கம் வந்து, சுமக்க முடியாதவளுக்கு இங்கே என்ன வேலை, இன்னொரு பெட்டி கொட்டினால் வீட்டைப் பார்த்துப் போய்விடு என்று கத்தினார். பேச்சிக்கு இந்த வேலையை விட்டால் வேறு நாதி கிடையாது. அது சிரித்தவர்களுக்கும் தெரியும்.

செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த பெட்டியை எறிந்துவிட்டுப் பேச்சியிடம் போனாள். ஆறுமுகத்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"ஏளா, அவ பெட்டியத் தொட்டேன்னா ஒம் பெட்டிய நாங்க எவளும் தொட மாட்டோம். பாத்துக்க."

"தொடாத. அவ புருசன் செத்தத நீ பாத்தியா? மழைய வையணும், வானம் ஒனக்கு எட்டல. இவ கைக்கு எட்டுதா, அதான் இவள வையுத. நீயெல்லாம் ஒரு பொம்பள."

பேச்சியின் பெட்டியில் மறுபடி உப்பு நிறைந்ததும் தூக்கிவிட்டாள். பிறகு தன் பெட்டியை நிரப்பிக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. கூட ஓடி விளையாடினவர்கள் ஒவ்வொருத்தியாக முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தார்கள். பேச்சி போய்க் கொட்டிவிட்டு வரும்வரை காத்திருந்தால் அன்றைக்குச் சுமக்கிற நடை பாதியாகிவிடும். கங்காணி இரண்டு பேரையுமே விரட்டிவிடுவார். செல்லக்கனி பெட்டியை முழங்காலுக்கு ஏற்றினாள். அதற்குமேல் முடியவில்லை. முந்தின சுமையில் தலையில் ஊறிய உப்புநீர் கண்ணில் வழிந்து எரிந்தது. அழுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்களே என்றுதான் இன்னும் ஆத்திரம் வந்தது.

பாதி வழி போயிருந்த பேச்சி திரும்பி வந்தாள். தலையில் பெட்டி நிறையச் சுமை. காலை அகட்டி ஊன்றி, கழுத்து ஆடாமல், முழங்காலை மட்டும் மெல்ல மடக்கித் தாழ்ந்தாள். ஒரு கையால் தன் பெட்டியைப் பிடித்தபடி மறுகையை நீட்டினாள்.

"ம், தூக்கு," என்றாள்.

அதன்பிறகு மூன்று வருசம் அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான் சுமந்தார்கள். தெருவில் செல்லக்கனியோடு பேச்சு நின்றது. கோயில் கொடைத் திருவிழாவில் பொங்கலிட அவளை யாரும் கூப்பிடவில்லை. நடுவில் ஒருமுறை பேச்சி காய்ச்சலில் படுத்திருந்த வாரத்தில் மழை பெய்து அம்பாரம் கரைந்தது. அதற்கு யார் காரணம் என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

சண்டை முடிந்து மறு வருசம் பேச்சியின் புருசன் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அடுத்த நாளே ஆறுமுகத்தாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பேச்சியின் பெட்டிக்கு எதிரே வந்து கையை நீட்டினாள்.

"அண்ணாச்சி உசுரோட இருக்காகன்னு தெரிஞ்சிருந்தா நாங்க இப்படிப் பண்ணுவமாக்கா?"

பேச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அவள் மன்னித்தே விட்டாள். செல்லக்கனி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"அவுக செத்தே போயிருந்தாலும் பெட்டி இதே கனந்தான்ளா," என்றாள்.

செல்லக்கனி குனிந்து பேச்சியின் பெட்டி விளிம்பைப் பிடித்தாள்.