நனைந்த ஐரிஷ் பறை

மலேசியாவின் பத்து காஜா என்ற ஊரில் எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் ஆண்டுதோறும் ஐரிஷ் இசைவிழா நடக்கும். அதில் ஐரிஷ்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பங்குச் சாமியார், ஈயச் சுரங்க எஞ்சினியர் ஒருவர், ஈப்போவிலிருந்து வரும் இரண்டு ஆசிரியைகள், அவ்வளவுதான். மற்ற எல்லாரும் நாங்கள். மேடை கட்டுவது, மீகூன் நூடுல்ஸ் பிரட்டுவது, கைதட்டுவது எல்லாமே கோயில் தமிழர்களின் சம்பளமில்லாத வேலை. ஆஸ்பத்திரியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த அப்பாவுக்கு நாற்காலிப் பொறுப்பு. ராணுவத் தளபதி போல விறைப்பாக நின்று அதைச் செய்வார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்த விழாவில், மத்தியானமே மழை கொட்டித் தீர்த்தது. எஞ்சினியருடைய பறை ஈரத்தில் தொய்ந்துவிட்டது. வட்டச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் கட்டியது அது. அடித்தால் ஈரத்துணியைத் துவைக்கிற சத்தம்தான் வந்தது. பறை இல்லாவிட்டால் ஆட்டமும் இல்லை என்று மனிதர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நாற்காலி தூக்க சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்திலிருந்து சித்தப்பா வந்திருந்தார். யாரையும் கேட்காமல் பறையை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனார். பழைய செய்தித்தாளைக் கொளுத்தித் தோலை அனலில் காட்டினார். அதைப் பார்த்த ஆசிரியை ஒருவர், பறையை எரிக்கிறார்கள் என்று கத்தியதில் மண்டபமே அங்கே ஓடியது. சித்தப்பா நிதானமாக விரலால் தட்டிப் பார்த்துவிட்டு ஓர் அடி அடித்தார். கணீரென்றது. எஞ்சினியர் அவரைக் கட்டிப்பிடித்து, பறையை அவர் கையிலேயே கொடுத்து மேடைக்கு இழுத்துப் போனார். அன்றைக்கு நாங்கள் ஆடிய ஆட்டத்தில் மண்டபத்துப் பலகைத்தரை கழன்றுவிடும் போலிருந்தது.

ஆட்டம் முடிந்ததும், தோட்டத்துத் தமிழ் பேசும் சாமியார் அப்பாவிடம் வந்தார்.

"ஒங்க தம்பி இத எங்க படிச்சாரு?"

அப்பாவின் முகம் வெளுத்தது. கோயில் கமிட்டியார் எல்லாரும் அருகில் நின்றார்கள். தாத்தா தோட்டத்தில் சாவுக்குத் தப்படித்தவர் என்பதே எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். ஒரே சிலுவையைக் கும்பிட்டாலும், நீங்கள் எந்த ஆட்கள் என்று நாசூக்காக விசாரிப்பவர்கள் அந்தக் கமிட்டியிலும் இருந்தார்கள். அப்பா பாடுபட்டுச் சம்பாதித்த மரியாதை அந்த ஒரு பதிலில் தொங்கியது.

"கம்போங் பக்கம் இருந்தான் ஃபாதர். மலாய்க்காரங்ககிட்ட கொம்பாங் பழகினான்" என்றார் அப்பா. கம்போங் என்றால் மலாய்க்காரர் கிராமம்; கொம்பாங் அவர்கள் கல்யாணங்களில் அடிக்கும் கைப்பறை.

சித்தப்பா அண்ணனை ஒரு கணம் பார்த்தார். "ஆமா ஃபாதர், கொம்பாங்தான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் கார் நின்றது. அப்பாவின் விரல்கள் மட்டும் ஸ்டியரிங்கில் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. முன் சீட்டில் இருந்த சித்தப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூணாவது அடி பிந்துதுலா."

அப்பா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கேட் திறந்து, பின்னால் இருந்த லோரி ஹாரன் அடித்த பிறகும் சிரித்தார். அப்பா எந்தக் கம்போங்கில் கொம்பாங் பழகினார் என்று நான் பல வருடம் யோசித்துக்கொண்டிருந்தேன்.