பசி நேரத்தில் எழுதிய வரி

எங்கள் வீட்டுவசதி அலுவலகத்தில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். எனக்கு அடுத்த மேசை. யாராவது ஒரு சொல்லுக்குத் தடுமாறினால், தலையை நிமிர்த்தாமலே எடுத்துக் கொடுப்பார். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மதியம் மேலாளர் எட்டிப் பார்த்தார். "நடக்க இயலாதவருக்குத் தரைத்தள வீடுன்னு சட்டத்துல இருக்கு. அப்படின்னா யாருன்னு கிளை ஆபீஸ்ல எல்லாம் கேக்கறாங்க. ஒரு வரி எழுதிக் குடுங்க."

அகராதி அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். நல்ல பசி. 'ஓரடிகூட எடுத்து வைக்க முடியாதவர்' என்று கிறுக்கிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அது அப்படியே சுற்றறிக்கையானது. மறுபடி யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

போன வருடம், எங்கள் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு தையல்கார அம்மா வழக்குப் போட்டார். ஊன்றுகோலோடு பத்தடி நடப்பாராம். அதனாலேயே அவருக்குத் தரைத்தளம் இல்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பியிருந்தோம். கோப்பைத் தூக்கிக்கொண்டு அகராதிதான் நீதிமன்றம் போனார்.

"சட்டத்தின் சொல் தெளிவாக இல்லை. நீண்ட அனுபவமுள்ள துறை ஆராய்ந்து தந்த விளக்கத்தில் நீதிமன்றம் தலையிடாது" என்று நீதிபதி வாசித்தார்.

ஆராய்ந்தார்களாம்! கடைசி பெஞ்சில் அகராதி கூனிக்குறுகிப் போனார்.

வெளியே அந்த அம்மா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். இவர் ஓடிப்போய்க் கை கொடுத்தார்.

"நல்லா இருங்க தம்பி. பெரிய படிப்பாளிங்க யோசிச்சு எழுதினதாமே. சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் புரியல."

"பாத்துக் கால் வைங்கம்மா" என்று சொல்லிக் கடைசிப் படி வரை பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மேலாளர் முன் போய் நின்றார். "சார், அந்த வரி தப்பு. நான்தான் அவசரத்துல எழுதினேன். மாத்திடலாம் சார்."

"கோர்ட்டே சரின்னு சொல்லியாச்சு. இனிமே மாத்த நாம யாருய்யா?" என்று சிரித்தார் மேலாளர். தீர்ப்பையும் சேர்த்துப் புதுச் சுற்றறிக்கை தயாரிக்கச் சொன்னார். அகராதி தயாரித்தார். வேறென்ன செய்வார்!

ஒரு வாரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னார். "அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். நான்தான் எழுதினேன்னு சொல்லிடலாம்னு. ரெண்டு தடவை கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

"தட்ட வேண்டியதுதானே?"

"தட்டினா அவங்கதானே எழுந்து நடந்து வந்து திறக்கணும்."

அது வெறும் சாக்கு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் கோப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.