குமிழி நிற்கும் வரை

சிறுமலையில் இருந்த பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். திண்டுக்கல்லிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். வேலைக்குச் சேர்ந்த பதினோராம் வருஷம் இருமல் பிடித்தது. முதலில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து மாதமாகியும் குறையாததால் சளியை மறுபடி சோதித்தார்கள். டிபி இல்லை, அதற்கு உறவான வேறொரு கிருமி, மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பது, ஆளுக்கு ஆள் ஒட்டுவது அபூர்வம் என்றார் டாக்டர். இதை எத்தனை பேருக்கு விளக்குவது? ஆசிரியர் அறையில் என் டம்ளர் தனியாகவே இருந்தது. இருமல் வந்தால் முந்தானையை வாயில் அழுத்தி அடக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், பஸ் மலையிறங்கும்போது அப்படி அடக்கினேன். வலது நெஞ்சில் சுருக்கென்று குத்தியது. அதன்பின் இழுத்த மூச்சு பாதியிலேயே நின்றது. காலடியில் வாழைத்தார்கள், சுற்றிலும் ஆட்கள். எழக்கூட இடமில்லை. கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இங்கன நிறுத்துனா வேற வண்டி கெடைக்காதும்மா. செத்த நேரம் பொறுத்துக்கங்க."

மிச்சமிருந்த வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. கிருமி அரித்த இடம் கிழிந்து, வெளியேறிய காற்று நுரையீரலை அமுக்கிவிட்டதாம். இந்த நோயில் எப்போதாவதுதான் இப்படி ஆகும் என்றார்கள். விலாவில் துளையிட்டுக் குழாய் செருகினார்கள். அதன் மறுமுனை, தரையில் வைத்த பாட்டில் தண்ணீருக்குள். அதில் குமிழி வருவது நின்றால்தான் கிழிசல் மூடியதாக அர்த்தம்.

நிற்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். குழாயின் நீளம்தான் என் உலகம். பாத்ரூமுக்குப் போனால் வீட்டுக்காரர் பாட்டிலைத் தாழ்த்திப் பிடித்தபடி கூடவே வந்து, பாதி சாத்திய கதவுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அங்கேதான் ஒருநாள் அழுதேன்.

இருமினால்தான் நுரையீரல் விரியும், அடக்காதீர்கள் என்று நர்ஸ் தினமும் சொன்னார். வார்டு முழுக்க ஆட்கள். எனக்கு வரவில்லை.

"நான் மொதல்ல இருமுறேன். எல்லாரும் என்னையப் பாக்கட்டும், நீ பெறகு இருமு," என்றார் வீட்டுக்காரர். சொன்னபடியே அடித்தொண்டையிலிருந்து இருமினார். வார்டே அவர் பக்கம் திரும்பியது. நானும் இருமினேன். விலா பிய்ந்துவிடும்போல வலித்தது.

பத்தொன்பதாம் நாள் குமிழி வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தார்கள். மாத்திரை இன்னும் ஓடுகிறது. நடக்கிறேன், சமைக்கிறேன், பாடம் எடுக்கிறேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க மட்டும் இன்னும் பயமாக இருக்கிறது.