பந்தியில் அண்ணி பிடித்த கை

எங்கள் அண்ணி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரை நரைத்த தலையோடுதான் பார்த்திருப்பீர்கள். எனக்கோ, என் நிச்சயதார்த்தப் பந்தியில் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்ற புதுமருமகளாகத்தான் அவர் முதலில் நினைவுக்கு வருகிறார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதை எழுதினாலும் குறைதான்.

அண்ணி புதுச்சேரியில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்தார். தாயார் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை செய்து வளர்த்தார். அறுபதுகளில் அந்தப் பிரெஞ்சுக் குடும்பம் ஊரைவிட்டுப் புறப்பட்ட சமயம், அண்ணி எங்கள் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டுச் செஞ்சிக்கு வந்தார். அவர்கள் விற்றுவிட்டுப் போன ஐஸ்பெட்டியை, இன்று ஃப்ரிட்ஜ் என்கிறோமே அதை, எங்கள் தந்தையார் வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். தந்தையாரை நாங்கள் நைனா என்போம். அதைத் திறந்து காட்டாமல் யாரையும் அவர் வாசல் தாண்ட விடமாட்டார்.

அண்ணி அதில் ஒரு ஊறுகாய் போடுவார். காரட், பீன்ஸ், காலிபிளவர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் நறுக்கி உப்பில் பிசறி வைப்பார். இன்று வினிகர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தக் காடியைத் தண்ணீர், சர்க்கரை, கடுகோடு கொதிக்கவிட்டு, ஆறியதும் காய்மேல் ஊற்றி உள்ளே வைத்துவிடுவார். எண்ணெயும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மறுநாளே தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

என் நிச்சயத்துக்குத் திண்டிவனத்திலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்காக முந்தின நாளே ஒரு ஜாடி போட்டு வைத்தார். நிச்சயத்தன்று காலை அண்ணி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, சொன்னதைவிட அதிகம் பேர் வருவதாகத் தகவல் வந்தது. நைனா யாரிடமும் சொல்லாமல் ஜாடியில் இன்னும் கொஞ்சம் காயைப் போட்டார். வீட்டில் காடி தீர்ந்திருந்தது. போட்டோ கடையில் படம் கழுவ வைத்திருந்த ஒரு பாட்டிலில் காடி வாசனை அடிக்க, அதை வாங்கி வந்து ஊற்றினார். நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது அவசரத்தில் மறந்துபோயிற்று. மீந்ததை ஐஸ்பெட்டியிலேயே வைத்துவிட்டார்.

பந்தி உட்கார்ந்தது. ஊறுகாய் ஜாடி பரிமாறப் போய்விட்டது. தயிர் எடுக்க ஐஸ்பெட்டியைத் திறந்த அண்ணி, தான் வைக்காத அந்தப் பாதி காலியான பாட்டிலைக் கண்டார். உள்ளே இருந்தது கற்கண்டுபோல் இறுகிக் கிடந்தது. அவர் அறிந்த காடி எதுவும் அங்கே உறைந்ததில்லை. அது தண்ணீர் கலக்காத அமிலம், குளிரில் உறைந்துவிடும் என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தவருக்கு நெடியில் கண்ணில் நீர் முட்டியது. கூடத்துக்கு ஓடினார். நானும் கதவருகே ஓடினேன்.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு காரட் துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோயிருந்தார். அண்ணி குனிந்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாயில வெக்காதீங்கம்மா!"



"இன்னா பண்றே மருமவளே? கைய வுடு!" என்றார் நைனா.

அண்ணி விடவில்லை. அதுவரை மாமனாரை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், "மாமா, ஐஸ்பெட்டியில இருக்குற பாட்டில்ல இருந்தத இதுல ஊத்துனீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா, காடிதான். அதுக்கின்னா இப்போ?"

மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்துவிட்டார். "எலையில ஒக்கார வெச்சிட்டு கையப் புடிக்கிறதுதான் உங்க வூட்டு மரியாதையா? கெளம்புங்க எல்லாரும்."

அப்பா எழுந்ததைப் பார்த்து மாப்பிள்ளையும் எழுந்தார். என் கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். அண்ணியின் பிடி மட்டும் தளரவில்லை.

அப்போதுதான் மாப்பிள்ளையின் தாயார் காரட் துண்டை உதறிவிட்டு, "ஐயோ, வெரலு எரியுதே!" என்றார். அண்ணி பக்கத்திலிருந்த சொம்புத் தண்ணீரை இலைமேலேயே அந்த விரல்களில் ஊற்றினார். பிறகு முற்றத்துக்கு அழைத்துப்போய் ஊற்றிக்கொண்டே இருந்தார். விரல்நுனிகள் வெளுத்திருந்தன. நல்லவேளை, வேறு யார் வாய்க்கும் அது போகவில்லை; யாரும் அதற்குமேல் ஜாடியைத் தொடவில்லை. நைனா அதை முகர்ந்து பார்த்து முகம் வெளிறி, எல்லார் முன்னாலும் சொன்னார்: "தப்பு என்னுதுங்க. எம்மருமவ இல்லன்னா இன்னிக்கு கொலகாரனாயிருப்பேன்."

அந்த அம்மையார் ஈரக்கையோடு திரும்பி வந்தார். கணவரைப் பார்த்து, "ஒக்காருங்க. பொண்ணு குடுக்குற வூட்ல இப்டி ஒருத்தி இருந்தா போதும் நமக்கு" என்றார். வேறு இலை போட்டார்கள். மோர்சோற்றுக்கு உப்பு மட்டும் வைத்துச் சாப்பிட்டார்கள். அந்த அம்மையாரே என் மாமியார் ஆனார்.

அண்ணி அடுப்படியில் போய் உட்கார்ந்து விம்மி அழுதார். ஏன் என்று கேட்டதற்கு, "எங்கம்மா இருந்திருந்தா, சம்பந்தி கையையா புடிச்சேன்னு அடிச்சிருக்கும்" என்றார்.

பிற்காலத்தில் அண்ணன் இளவயதிலேயே போய்விட, இரு பிள்ளைகளையும் படுக்கையில் விழுந்த நைனாவையும் அவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டார். கடைசி நாட்களில் நைனா அவர் கையால் கொடுத்தால் மட்டுமே கஞ்சி குடித்தார்.

அண்ணியின் நோயில் இரவு பகலாக உடனிருந்த செவிலியருக்கும், துக்க நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரியாதென்று சோறாக்கி அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. நாத்தனார் முறை என்று எதையும் நான் அவரிடம் கேட்டு வாங்க நேர்ந்ததே இல்லை. தாய்வீடு என்று நான் போய் நின்றதெல்லாம் அவர் இருந்த வீட்டில்தான்.