கம்பனிச் சம்மாட்டி கரையில் நிற்கிறாரா?

பங்குத் தரகர் கந்தோரில் தேத்தண்ணி ஊற்றுகிறவனுக்குச் சந்தை நிலவரம் சீனிப் போத்தலிலேயே தெரிந்துவிடும்: விலை ஏறினால் எல்லாரும் இரண்டு கரண்டி கேட்பார்கள், இறங்கினால் வெறும் பிளேன்டியைக் குடிக்காமலே ஆறவிடுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவர் கவலையைக் கேட்டே காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லப்போவது விளங்கும். புத்தளம் டவுனில் எங்கள் கிளையில் மனேஜர் நிரோஷன் தம்பி, நான், ஒரு மின்விசிறி. மூன்று பேரில் ஓய்வில்லாமல் வேலை செய்வது மின்விசிறிதான்.

கூனிப் பங்கு

பிலோமினா அக்கா கந்தக்குழிக்காரி. ஊரே அக்கா என்பதால் நானும் அக்கா என்பேன், அவர் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி என்னை நானா என்பார். புருசன் விட்டுப்போன வள்ளம் கரையில் கிடக்கிறது, எஞ்சின் இல்லை. மகன் அன்ரன் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போகிறான். பழைய எஞ்சினை விற்ற காசு புதியதற்குப் போதாது. அதை வளர்த்து எடுக்கத்தான் கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியின் பங்கு வாங்க வந்தார்.

வாங்கும் முன் ஒன்று கேட்டார்: "கம்பனி முதலாளி தன்ட சொந்தக் காசை இதில போட்டிருக்கிறாரா?" நிரோஷன் தம்பிக்குச் சந்தோசம். படித்தவர்களே இதைக் கேட்பதில்லையாம். கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். ஏறக்குறையப் பாதிப் பங்கு கம்பனித் தலைவரிடமும் மற்ற டிரெக்டர்மாரிடமும். மிச்சத்தில் பெரும்பகுதி ஃபண்டுகளிடம், அதாவது ஊராருடைய ஓய்வூதியக் காசு, காப்புறுதிக் காசையெல்லாம் சேர்த்து மொத்தமாக வாங்கிப் போடுகிற இடங்களிடம். பொதுமக்களுக்கு ஒரு ஓரம்.

பிலோமினா அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "வலைக்காரச் சம்மாட்டியும் பெரிய முதலாளிமாரும் மீனை அள்ளினாப் பிறகு வலையில ஒட்டிக் கிடக்கிற கூனி இறால்தான் எங்களுக்கு. பரவாயில்ல தம்பி, கூனியும் கறிதானே."

விசிறி குறையுது

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் வருவார். விலையைக் கேட்க மாட்டார். "எஞ்சினுக்குக் காணுமா, போதாதா?" என்பதுதான் கேள்வி. நிரோஷன் தம்பியும் கணக்குப் போட்டுப் போட்டு அலுத்து, சுவரில் விலை எழுதும் வெள்ளைப் பலகையில் ஒரு மூலையை அவருக்கென்றே ஒதுக்கிவிட்டார். "இன்று அரை எஞ்சின்." "இன்று முக்கால்."

வினை அங்கேதான் தொடங்கியது. மற்ற வாடிக்கையாளர்களும் அந்த மூலையைத்தான் முதலில் பார்த்தார்கள். ரிட்டயரான தபால் மாஸ்டர் ஒருவர் வங்கிப் பங்கு எத்தனை எஞ்சின் போகிறது என்று கேட்டார். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து சோதிக்க வந்த பெரியவர் பலகையைப் பார்த்து வாய் திறக்கும் முன், வாசலில் செருப்பைக் கழற்றிய பிலோமினா அக்கா அவருக்கே விளக்கம் சொன்னார்: "எஞ்சின் வந்திட்டுது ஐயா, தண்ணிக்குள்ள சுத்துற விசிறி மட்டும்தான் குறையுது."

ஹாஜியாரின் கலியாணக் காட்

கல்பிட்டிக் கருவாட்டு வியாபாரி ஹனிபா ஹாஜியாரும் அதே கம்பனியில் பங்கு வைத்திருந்தார். எங்கள் பக்கம் ஒரு வலையில் பங்குள்ள எல்லாருக்கும் வீட்டு விசேசத்துக்குச் சொல்ல வேண்டும். ஒருவரை விட்டாலும் அடுத்த நாள் கரையில் முகம் பார்க்க முடியாது. ஹாஜியாரின் மகளுக்கு நிக்காஹ் வந்தது. கம்பனி வருடாவருடம் அனுப்பும் புத்தகத்தில் பெரிய பங்குக்காரர் இருபது பேரின் பெயர் இருக்கும். புத்தகத்தையும் ஒரு கட்டு அழைப்புக் காட்டையும் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்.

"ஹாஜியார், இதில பாதி ஆக்களே இல்ல. ஃபண்டுகள்" என்றார் நிரோஷன் தம்பி.

"ஃபண்டுக்கும் ஒரு தகப்பன் இருப்பார்தானே. அவருக்கு எழுதுங்க."

நான் எழுத்துக் கூட்டி எழுதினால் கலியாணமே முடிந்துவிடும் என்று தம்பியே எழுதினார். ஓய்வூதிய ஃபண்டுக்கு ஒன்று, காப்புறுதிக் கம்பனிக்கு ஒன்று, யாரோ வெளிநாட்டுக்காரருக்காகப் பெயரைக் கொடுத்து நிற்கும் வங்கிக்கு ஒன்று. "குடும்ப சமேதராய்" என்று அச்சடித்த காட்.

ஒரு ஃபண்டிலிருந்து மட்டும் பதில் வந்தது. தங்கள் கொள்கைப்படி விருந்து, அன்பளிப்பு எதையும் ஏற்பதற்கில்லையாம். தம்பி வாசித்துக் காட்ட, ஹாஜியார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "பிரியாணிக்கு வரச் சொன்னா கொள்கை எண்டு எழுதுறானே. இவங்களோட எப்படி நானா தொழில் செய்யிறது?"

பல்வலி

உடப்பில் கரைவலைக்குச் சொந்தக்காரர் வீரபத்திரன் சம்மாட்டி. பிலோமினா அக்காவின் பேச்சைக் கேட்டு அதே பங்கை வாங்கினவர். கரைவலை இழுக்கும்போது சம்மாட்டி கரையில் நிற்க வேண்டும். அவர் இல்லையென்றால் வலையில் ஏதோ கோளாறு என்று ஆட்கள் கயிற்றைத் தளர்த்திவிடுவார்கள். அந்த நினைப்பில், சொல்லாமல் கொள்ளாமல் வான் பிடித்துக் கொழும்புக்குப் போய்க் கம்பனி வாசலில் நின்றிருக்கிறார். உள்ளே பிள்ளைகள் காதில் வயரை மாட்டிக்கொண்டு இருந்தார்களாம். ஸ்டோரும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. அதெல்லாம் பரவாயில்லை. தலைவரைக் கேட்டால் "இன்று வரவில்லை" என்றிருக்கிறார்கள்.

நேரே எங்கள் கந்தோருக்கு வந்தார், வழியில் பிலோமினா அக்காவையும் ஏற்றிக்கொண்டு. இரண்டு பேரும் விற்க வேண்டும் என்று நின்றார்கள். நிரோஷன் தம்பி, தலைவர் தன் பங்கை விற்றால் சந்தைக்கு அறிவிக்க வேண்டியது சட்டம், அப்படி ஒன்றும் வரவில்லை என்றார். கம்பனிக்குப் போன் போட்டும் கேட்டார். தலைவர் பல் பிடுங்கப் போயிருக்கிறாராம்.

பிலோமினா அக்கா கதிரையில் இருந்துவிட்டார், விற்கவில்லை. சம்மாட்டியோ இருந்ததை எல்லாம் விற்றுவிட்டு எழும்பினார். "பல்லைப் பிடுங்கினாலும் வாயில துணியை வச்சுக்கொண்டு கரையில நிக்கிறவன்தான் சம்மாட்டி."

எந்த ஃபண்ட்?

பல்வலி மாறி ஒரு மாதம் போக, உண்மையாகவே அறிவித்தல் வந்தது. தலைவர் தன் பங்கில் ஒரு பகுதியை விற்றிருக்கிறார். அந்தக் கிழமைதான் விசிறியும் சேர்ந்து முழு எஞ்சின் வந்திருந்தது. விற்பதா, வைப்பதா? அன்ரன் வேறு இத்தாலிக்குப் போகப்போவதாகக் கதைக்கத் தொடங்கியிருந்தான். "வித்த ஆளிட்டையே கேப்பம்" என்றார் பிலோமினா அக்கா. பங்குக்காரர்களின் வருடாந்தக் கூட்டத்துக்குத் துணையாக என்னையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினார்.

பெரிய ஹோட்டல், பல் கிட்டுகிற குளிர். முன்வரிசையில் ஃபண்டுகளின் பிள்ளைகள் மடியில் கம்ப்யூட்டரோடு. ஒருவர் நீளமாக இங்கிலீசில் கேட்டார், தலைவர் அதைவிட நீளமாகப் பதில் சொன்னார். பிறகு பிலோமினா அக்கா எழும்பினார். சிலாபத்தில் மீன் விற்றுப் பழகிய சிங்களம், மைக் தேவையில்லை.

"ஐயா, நீங்க ஏன் வித்தீங்க?"

"சொந்தத் தேவைக்கு, அம்மா."

"சொந்தத் தேவைக்குத்தான் நாங்க வாங்கினது."

தலைவருக்குப் பக்கத்தில் இருந்த கம்பனி வக்கீல் இருமினார். தலைவர் நல்ல மனிசன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார், "எனக்கு வயசு போயிட்டுது அம்மா. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கொண்டு வாறன்." முன்வரிசையில் எல்லாரும் ஒன்றாகக் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் கேட்டது, ஓட்டுக் கூரையில் மழை விழுந்தமாதிரி.

தேத்தண்ணி நேரம் ஒரு ஃபண்ட் பையன் பாதி கடித்த பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். இவ்வளவு துணிவாய்க் கேட்டவர் பெரிய இடமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். "அன்ரி, நீங்க எந்த ஃபண்ட்?" அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். "நான் எஞ்சின் ஃபண்ட் தம்பி. நாளைக்கு விக்கப்போறன்."

அவன் அதையும் குறித்துக்கொண்டான்.

ஒரு வள்ளம்

சொன்னபடியே விற்றார். எஞ்சின் வந்தது, அன்ரன் இத்தாலிக் கதையை விட்டுவிட்டுச் சொந்த வள்ளத்தில் கடலுக்குப் போகத் தொடங்கினான். எங்கள் கந்தோரிலோ செத்த வீடு. தலைவர் விட்ட பங்கையெல்லாம் ஒரு வெளிநாட்டு ஃபண்ட் வந்து மொத்தமாக வாங்க, விலை கிடுகிடுவென்று ஏறியது. நிரோஷன் தம்பி அன்றைக்குத் தேத்தண்ணியே தொடவில்லை.

எங்களுக்கு ஒரு பை பாரை மீன் கொண்டுவந்த பிலோமினா அக்காவிடம் மெதுவாகச் சொன்னார், "அக்கா, இன்னும் ரெண்டு கிழமை பொறுத்திருந்தா ரெண்டு எஞ்சின் வாங்கியிருக்கலாம்."

அக்கா மீன் பையை என் கையில் தந்துவிட்டு, அவருக்காக உண்மையாகவே கவலைப்பட்டுச் சொன்னார்: "என்னட்ட ஒரு வள்ளம்தானே தம்பி இருக்கு."

ஆக, இந்தத் தொழிலில் வாங்கினவர் தலையைச் சொறிவார், விற்றவர் அதைவிடக் கூடச் சொறிவார், சொறியாமல் போகிற ஒருவருக்காக மனேஜர் இருந்து சொறிவார், கோப்பை கழுவுவது மட்டும் எப்போதும் நான்தான்.