எம்-எட்டு நட்டும் என் வலது காலும்

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறேன். புதிதாக சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

1. ஒன்று குறைந்தது

அசெம்ப்ளி லைனில் எம்-எட்டு நட்டுகளை, அதாவது எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் மாட்டுகிறவற்றை, எண்ணித்தான் தட்டில் வைப்போம். ஒன்று குறைந்தால் அது ஏதோ ஒரு சீட்டுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். லைனை நிறுத்தி, முடிந்த சீட்டையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அன்று காலை செல்வத்தின் கையிலிருந்து தட்டு நழுவிக் கவிழ்ந்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், காண்ட்ராக்ட் ஆள், மண்ணூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பக்கத்து ஸ்டூலில் நான், வழக்கம்போல சேஃப்டி ஷூவின் லேஸை அவிழ்த்து, குதிகாலை வெளியே விட்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணினான். ஒன்று குறைந்தது.

"இன்னாடா வேல பாக்கற? கைய வாடகைக்கு எடுத்துகினு வந்தியா?" என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"எல்லா எடமும் தேடிட்டேன் சார். ஒண்ணு மட்டும் காங்கல."

மதியம் வரை சீட்டுகளைப் பிரித்தோம். கிடைக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

2. கேன்டீனில் கேம்ப்

அன்று கேன்டீனில் சுகர் டெஸ்ட் கேம்ப். காண்ட்ராக்ட் ஆட்கள் உட்பட எல்லோரும் போக வேண்டும் என்று எச்.ஆர். சொல்லியிருந்தார்கள். ஊசிக்குப் பயந்தவர்களை நான்தான் கிண்டல் செய்து தள்ளிக்கொண்டு போனேன். எனக்கு டெஸ்ட் எதற்கு என்று நினைப்பு. ஓயாத தாகத்துக்கு ஷெட்டின் சூடு காரணம், பாதம் மரத்துப்போனதற்கு ஷூ காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் விடவில்லை. விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் முந்நூறைத் தாண்டிவிட்டது. ஷூவைக் கழற்றச் சொன்னார். கட்டைவிரல் பக்கம் ஓட்டை விழுந்த, நாற்றம் பிடித்த சாக்ஸ்தான் என் நினைவுக்கு வந்தது. பின்னால் என் லைன் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். காலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று மழுப்பினேன்.

"நான் பாக்காத சாக்ஸா சார்? கழட்டுங்க."

வலது ஷூவைக் கழற்றியதும் ஏதோ டைல்ஸில் விழுந்து உருண்டது. சாக்ஸின் அடிப்பக்கம் முழுக்க ரத்தம். எனக்கு வலியே இல்லை.

நர்ஸ் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இது மேலயே நடந்துட்டு இருந்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியல. சுகர் உங்களுக்கு இன்னிக்கு நேத்து வந்தது இல்ல சார்."

வரிசையில் நின்றிருந்த செல்வம் குனிந்து அதை எடுத்தான். எம்-எட்டு நட்டு. துடைத்துப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை.

"நம்ம நட்டுதான் சார்," என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்ப நாளைக்கு நான் வரலாமா சார்?" என்று கேட்டான்.

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "வா" என்றேன். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

3. மஞ்சள் கோடு

மறுநாள் கட்டுப் போட்ட காலுக்குச் செருப்புதான் போட முடிந்தது. செருப்போடு ஷாப் ஃப்ளோருக்குள் விடமாட்டார்கள். தரையில் அதன் எல்லையைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்று, எல்லோரும் கேட்க செல்வத்திடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டியதற்கு, தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் போதாது.

புண் ஆற மாசக்கணக்கில் ஆனது. மாத்திரை இன்றும் ஓடுகிறது. கேம்ப் வந்தால் ஆட்களை அனுப்பும் முன் நீங்கள் போய் உட்காருங்கள். சாக்ஸ் நாறினாலும் பரவாயில்லை, ஷூவைக் கழற்றுங்கள். வலிக்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அன்று நான் மன்னிப்புக் கேட்டதும் செல்வம், "சரி சார், கால பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டுத் திரும்பி, தட்டில் இருந்த நட்டுகளை எண்ண ஆரம்பித்தான்.