கோதை குரல் கொடுத்த காலை

என் மகள் கோதைக்கு மூன்று வயது முடிந்து நாலாவது நடந்துகொண்டிருந்தது. அதுவரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வரவில்லை. அழுவாள், சிரிப்பாள், வேண்டியதைக் கைகாட்டுவாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். ஆனால் அம்மா என்றோ அப்பா என்றோ ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜையன்று சாயங்காலம், ஒரு வயதுகூட நிறையாத அவள் தம்பி ரங்கன், நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டு "ம்மா" என்றான். என் மனைவி லட்சுமி அவனைத் தூக்கிக் கொஞ்சியிருக்க வேண்டும். அவளோ அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதாள். கோதை தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆண்டாள் தாயாரை நம்புகிற அன்பர்களே, எங்கள் வீட்டுக்கு அவள் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சாயங்காலத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டும்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவன். மற்றபடி ஒரு சைக்கிள் கிறுக்கன். கல்யாணமான புதிதில் லட்சுமி, "என்னையக் கட்டுனீகளா, இந்தச் சைக்கிளக் கட்டுனீகளா?" என்று கேட்பாள். இரண்டையும் துடைத்து வைக்கிறேன் என்று ஒரு தடவை பதில் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை மிதித்துவிட்டு வந்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். இடது பக்கம் மலை, அதன்மேல் படுத்துக் கிடக்கிற மேகம், எதிரே தூரத்தில் ஆண்டாள் கோயில் கோபுரம். சில காலைகளில் ஊர் எதுவும் தெரியாது, கோபுரம் மட்டும் தனியாக மிதக்கும். அதைப் பார்த்துக்கொண்டே மிதித்தால் நான்தான் போகிறேனா, கோபுரம்தான் என்னை நோக்கி வருகிறதா என்று தெரியாது. இத்தனைக்கும் எனக்கு அது திரும்பி வருகிற இடம், அவ்வளவுதான். ரதவீதியில் ஒரு டீ, அப்புறம் வீட்டைப் பார்த்து ஒரு மிதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவோம். போலீஸில் இருக்கிற மாடசாமி அண்ணன் எப்போதும் முன்னால் போவார். பஞ்சு வியாபாரம் பார்க்கிற ராமராஜு என் பின்னால் வருவார். ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போகும்போது முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும், ரோடு தெரியாது. அதனால் முதல் ஆள் குரல் கொடுக்க வேண்டும். "பள்ளம்!" என்பார் மாடசாமி அண்ணன். அடுத்தவர் "பள்ளம்!" என்று தனக்குப் பின்னால் சொல்வார். அப்படியே கடைசி ஆள் வரைக்கும் போகும். மாடு, நாய், லாரி எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான். குரல் கேட்டால் எங்கே, ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, கை தானாகப் பிரேக்கைப் பிடித்துவிட வேண்டும். பழகிவிட்டால் பிடித்துவிடும்.

கோதைக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று பரிசோதித்துச் சொன்னார்கள். மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவரிடம் கூட்டிப் போனோம். பொறுமையானவர். "பிள்ளைக்கு எல்லாம் புரியுது. நீங்க பார்க்கிறதையெல்லாம் அவகிட்ட வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருங்க. வரும். எப்ப வரும்னு மட்டும் என்னால சொல்ல முடியாது" என்றார். எங்களுக்கு அந்த 'எப்ப' மட்டும்தான் வேண்டியிருந்தது. விசேஷ வீடுகளுக்குப் போவதை லட்சுமி நிறுத்திவிட்டாள். போனால், "பிள்ள பேசுதாளா?" என்று முதலில் அதைத்தான் கேட்பார்கள். கேட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்னாலேயே முகத்தைச் சோகமாக்கிக்கொள்வார்கள். எனக்கு அந்த முகங்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

ஐப்பசியில் ஒரு காலை, டீ குடித்துவிட்டு மற்றவர்கள் கிளம்பிய பிறகும் நான் கிளம்பவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கோபுரத்துக்கு முன்னால் போய் நின்றேன். முழங்காலுக்கு மேலே ஏறிய இறுக்கமான டிரவுசர், தலையில் ஹெல்மெட். இந்தக் கோலத்தில் உள்ளே போக முடியாது. கோயிலுக்கு வந்த பெண்கள் சர்க்கஸ்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் எங்கேயோ பால்கோவாவுக்குப் பால் சுண்டுகிற வாசனை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். "தாயே, உன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை அப்பா என்று என்னைக் கூப்பிட வை. மார்கழி முழுக்க அவளை உன் வாசலுக்குக் கொண்டுவருகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி முடித்த பிறகுதான், பனியில் குழந்தையை எப்படிக் கொண்டுவருவது என்று யோசனை வந்தது.

லட்சுமி முதலில் சண்டை பிடித்தாள். பிறகு தன் சட்டத்தையெல்லாம் சொன்னாள். மெயின் ரோட்டில் போகக் கூடாது. குல்லா, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஹெல்மெட். வேகமாக மிதித்ததாகத் தெரிந்தால் சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். என்னிடம் இருந்த பழைய கியர் சைக்கிளின் பாரில் பெல்ட் வைத்த ஒரு குட்டி சீட்டைப் பொருத்தினேன். கோதை என் இரண்டு கைகளுக்கும் நடுவில், எனக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கண்மாய்க்கரையை ஒட்டிப் போகிற உள்ரோட்டில்தான் போனோம். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் கனவில் போய்வந்ததுபோல் இருக்கிறது. தண்ணீர் தெரியாது, தண்ணீரின் மேல் பனி தெரியும். ஒலிபெருக்கிப் பாட்டு எந்த ஊரிலிருந்து வருகிறதென்று தெரியாது. தென்னைகள் ஒவ்வொன்றாக வந்து நின்று பார்த்துவிட்டுப் பின்னால் போகும். மதுரை அம்மா சொன்னபடி நான் கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவேன். "கொக்கு! மயில்! மாடு! பள்ளம்!" எனக்குத் தெரிந்த பாடம் அதுதான். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் பள்ளம் என்றால் மட்டும் இரண்டு கையாலும் முன்னால் இருக்கிற கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்த்து எனக்கு ஆசை கூடிவிட்டது. தினமும் கோபுர வாசலில் இறக்கிவிட்டு, குனிந்து, "அப்பா சொல்லு" என்பேன். அவள் என் மூக்கைப் பிடித்துத் திருகுவாள். திரும்பி வந்துவிடுவோம்.

மார்கழி கரைந்துகொண்டே போனது. மாதம் முடிய இருந்த நேரத்தில், தட்ட முடியாத ஒரு பிறந்தநாள் விருந்துக்கு லட்சுமி கோதையைக் கூட்டிக்கொண்டு தளவாய்புரம் போனாள். அங்கே ஒரு அம்மா பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "ஏட்டி, இவ ஊமையா?" என்று கூட்டத்தில் கேட்டுவிட்டாள். பிள்ளைக்குக் காது கேட்கும் என்ற நினைப்புகூட இல்லை. லட்சுமி அதைச் சொல்லும்போது அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் நான் சைக்கிளை எடுக்கவில்லை. லட்சுமியும், "விடுங்க. இம்புட்டு நாளும் போயி என்னத்தக் கண்டோம்?" என்றாள். நான் சட்டையை மாற்றப் போனேன். திரும்பிப் பார்த்தால் கோதை தன் ஹெல்மெட்டைத் தலையில் பின்பக்கம் முன்னாக மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். லட்சுமி அதைச் சரியாக மாட்டி, வாரைப் போட்டுவிட்டாள்.

அன்றைக்குப் பனி மோசமாக இருந்தது. மலை இல்லை, கோபுரம் இல்லை. ரோடே கொஞ்ச தூரம்தான் தெரிந்தது. மெதுவாகத்தான் போனேன். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்கு பறந்தது, நான் சொல்லவில்லை. மாடு குறுக்கே போனது, சொல்லவில்லை. யாருக்குச் சொல்ல, எதற்குச் சொல்ல என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்து முன்னால் இருந்த கொஞ்ச ரோடும் மங்கிவிட்டது. தாயே, நான் கேட்டது அப்படி என்ன பெரிய வரமா என்று மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே மிதித்தேன்.

"பள்ளம்!"

என் கை பிரேக்கைப் பிடித்துவிட்டது. சைக்கிள் நின்றது. காலை ஊன்றி, பழக்கத்தில் திரும்பி எனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்லக்கூட வாயைத் திறந்துவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. முன்னால் மாடசாமி அண்ணன் இல்லை. பனி மட்டும்தான் இருந்தது. கீழே பார்த்தேன். முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ரோடு இல்லை. முந்தின நாள் காலையில் அங்கே ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு யாரோ குழாய் பதிக்க இடுப்பளவு ஆழத்துக்குக் குறுக்கே தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அடையாளத்துக்கு வைத்த முள்கிளை ஓரத்தில் சரிந்து கிடந்தது.

கோதை கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ஒரு தடவை சொன்னால் விளங்காதா என்பதுபோல விரலை நீட்டி, நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள்.

"பள்ளம்."

அவளைப் பெல்ட்டிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர்ப்பக்கம் பால் கேன் கட்டிய ஒரு மொபெட் மெதுவாக வந்து குழிக்கு அந்தப் பக்கம் நின்றது.

"ஏலே, என்னலே நடுரோட்டுல உக்காந்து அழுத? அடி கிடி பட்டுருச்சா?"

"இல்ல அண்ணாச்சி. எம் பிள்ள பேசிட்டா. முத முதல்ல பேசிட்டா."

"என்ன சொன்னா?"

"பள்ளம்னு சொன்னா."

அவர் குனிந்து குழியைப் பார்த்தார். "சரியாத்தான சொல்லியிருக்கா" என்றார். பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு ஓரமாகச் சுற்றி வந்து, கோதையின் ஹெல்மெட்டின் மேல் கையை வைத்தார். இரண்டு பேரும் முள்கிளையை இழுத்து ரோட்டுக்கு நடுவில் போட்டோம்.

லட்சுமிக்குப் போன் செய்தேன். பிள்ளை பேசிவிட்டாள் என்று சொன்னேன். மெதுவாக, "என்ன சொன்னா?" என்றாள். சொன்னேன். "பள்ளமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, கடைசியில் ரங்கன் அழ ஆரம்பித்துப் போனை வைத்தாள். நான் நிமிர்ந்தபோது பனி விலகியிருந்தது. எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம் என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை, கோபுரம் முழுசாக எதிரே நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை வேட்டி கட்டி, குடும்பத்தோடு முறையாக உள்ளே போனேன். சன்னதியிலிருந்து வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது லட்சுமியிடம், "அவ அப்பானு கூப்பிடணும்னுதான் நான் வேண்டுனேன்" என்றேன், கொஞ்சம் குறையாகவே.

"நான் அப்படியெல்லாம் கேக்கல. என்ன வார்த்தைன்னாலும் சரி தாயே, என் பிள்ளைக்கு வேணுங்கிற நேரத்துல அது வரணும். அதத்தான் கேட்டேன்" என்றாள்.

வேண்டிக்கொள்வதிலும் என் பெண்டாட்டி கெட்டிக்காரி. தாயார் யாருடைய மனுவைக் கையில் எடுத்தாள் என்று அப்போது புரிந்தது. நான் என் ஆசையைக் கேட்டேன். லட்சுமி பிள்ளையின் தேவையைக் கேட்டாள். அந்தக் குழிக்கு முன்னால் கோதை "அப்பா" என்று கூப்பிட்டிருந்தால் நான் மகிழ்ந்துபோய் அவள் முகத்தைத்தான் பார்த்திருப்பேன். பிரேக்கைப் பிடித்திருக்க மாட்டேன்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மதுரைப் பயிற்சிக்கு இன்றும் போகிறோம், நீங்களும் வைத்தியத்தை விடாதீர்கள். அந்த அம்மாவின் வாய் வழியாகச் சொன்னதும் தாயார்தான் என்பது என் நம்பிக்கை. மாசியில் மயில் என்றாள். பங்குனியில் ஒரு நாள் நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது, "அப்பா, போலாம்" என்றாள். கையில் பசையோடு அவளைத் தூக்கி, இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மாடசாமி அண்ணன் முன்னால் போவதில்லை. "அம்மணி போகட்டும்ப்பா" என்று ஒதுங்கிக்கொள்கிறார். நானும் கோதையும் முன்னால் போகிறோம். சில நேரம் ரோடு நன்றாக இருக்கும்போதே, சும்மா ஆசைக்கு, "பள்ளம்!" என்பாள். ஒருவரும் சிரிப்பதில்லை. ராமராஜு, "பங்காரம் சொல்லிருச்சு" என்று தங்கம் என்பதைத் தன் வீட்டுத் தெலுங்கில் சொல்லிக் கொஞ்சிவிட்டு, "பள்ளம்!" என்பார். மாடசாமி அண்ணன் தன் போலீஸ் குரலில் "பள்ளம்!" என்பார். பனிக்குள் ஒவ்வொரு வாயாக அந்த வார்த்தை பின்னால் போகும்.

அன்பர்களே, உங்களுக்கும் முன்னால் ரோடு தெரியாத காலம் வரும். அப்போது கேளுங்கள். இன்ன வார்த்தைதான் வேண்டும் என்று அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். முன்னால் போகிறவள் பார்த்துக்கொண்டுதான் போகிறாள், நேரத்துக்குக் குரல் கொடுப்பாள். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிறு காலை எங்கள் கண்மாய்க்கரை ரோட்டுக்கு வாருங்கள். வரிசையின் கடைசியில், ரங்கனைப் பெல்ட்டால் கட்டி ஸ்கூட்டியில் மெதுவாக ஒருத்தி வருவாள். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, தனக்குப் பின்னால் யாருமே இல்லாத ரோட்டைப் பார்த்து, அவளும் ஒரு தடவை சொல்வாள்.

"பள்ளம்!"